மாஸ்டரின் பென்சில்: காட்பாடி வீடு ஒன்றில் கிடைத்த ஸ்கோர்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

எங்கள் சபையின் கொயரை, அதாவது பாடகர் குழுவை, நடத்திய மாஸ்டர் தன் கைக்கென்று வைத்திருந்த ‘மேசியா’ ஸ்கோரில், அதாவது ஹேண்டலின் அந்தப் படைப்பின் இசைக்குறிப்புப் புத்தகத்தில், பென்சில் கோடு அநேகமாக இல்லை. முப்பது தடவைக்கு மேல் அவர் நடத்திய படைப்பு அது. பக்கங்கள் கடையிலிருந்து நேற்று வாங்கியவை போல இருந்தன. அதைப் புரட்டிய அன்றுதான், மூன்று வாரம் முன்னால் நாங்கள் செய்த தவறு எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது. அந்தத் தவற்றையும், அதன் பிறகு கண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஊர் ஊராகக் கொயர் மாஸ்டர்கள் வயதாகி ஓய்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அலமாரியைத் திறக்கப்போகிறவர்கள் நான் செய்ததைச் செய்துவிடக் கூடாது.

பாலாறு கரைபுரண்டு ஓடிய 2021 நவம்பர் மழையில் காட்பாடியில் மாஸ்டர் வீட்டு மேல் அறையின் கூரை ஒழுகியது. அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பொங்கல் கழிந்து மாஸ்டரம்மா போன் செய்தார். “தம்பி, மேல் ரூம்ல தண்ணி இறங்கிடுச்சுப்பா. அவரு புக்கெல்லாம் ஹாலுக்கு எடுத்தாந்து போட்டிருக்கேன். உனக்கு வேணுங்கிறத எடுத்துக்கோ. மீதிய பேப்பர்காரருக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்.” நான் அவர் கொயரில் 1988 முதல் டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடியவன், பிழைப்புக்குக் கல்லூரி நூலக வேலை. அதனால் என்னைக் கூப்பிட்டார். பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பாடிய ஒரு அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனேன்.

இரண்டு டிரங்குப் பெட்டி, ஏழு அட்டைப் பெட்டி, ஒரு மர அலமாரி. நடு அறை முழுக்கப் பூஞ்சை நாற்றம். நனைந்த காகிதத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். இவை இரண்டு மாதம் அப்படியே கிடந்தவை. இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஒவ்வொரு படைப்புக்கும் மாஸ்டர் பயன்படுத்திய காப்பி ஒன்றை எடுத்துக்கொள்வது, பாடகர்களுக்குக் கொடுத்து வாங்கிய காப்பிகளில் நல்ல நிலையில் உள்ளதில் ஒன்று மட்டும், மீதி ‘டூப்ளிகேட்’ என்று முடிவு செய்தோம். நூலகத்தில் அப்படித்தான் செய்வோம். ஒரே புத்தகத்தில் நாற்பது எதற்கு? இரண்டு சாக்கு நிறைய எடைக்குப் போனது. அதை ஆட்டோவில் ஏற்றிவிட்டவன் நான்தான்.

முத்திரையும் விலையும் சொன்ன வாழ்க்கை

மாஸ்டர் தன்னைப் பற்றி எழுதி வைத்தவர் அல்ல. தேதி போடும் வழக்கமும் குறைவு. ஆனால் ஸ்கோர்களின் அட்டையை வைத்தே அவருடைய நாற்பத்தொரு வருடத்தை ஓரளவு வரிசைப்படுத்த முடிந்தது.

முதல் துப்பு விலை. இங்கிலாந்தில் அச்சான காப்பியில் ஷில்லிங், பென்ஸ் என்று விலை இருந்தால் அது 1971 பிப்ரவரி 15க்கு முன்பு அச்சானது. அந்த நாளில்தான் அங்கே தசம நாணயம் வந்தது. இரண்டாவது துப்பு ரப்பர் ஸ்டாம்ப். முகவரியில் ‘வேலூர் – 6’ என்று ஒற்றை எண் மட்டும் இருந்தால் பழசு. 632 என்று தொடங்கும் ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு, அதாவது பின்கோடு வந்த பிறகு. மூன்றாவது துப்பு மாவட்டப் பெயர். ‘வ.ஆ. மாவட்டம்’ என்றால் வடாற்காடு இரண்டாகப் பிரிந்த 1989க்கு முந்தினது. சிலவற்றில் மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கல் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மெட்ராஸ் போகும்போதெல்லாம் ஒன்றிரண்டாக வாங்கியவை அவை.

ஆற்காடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் உபதேசியார் மகனாகப் பிறந்தவர். அந்தச் சபையில் பாட்டு என்றால் ஆர்மோனியமும் தப்பும் கீர்த்தனையும். போர்டிங் பள்ளியில் சோல்ஃபா, அதாவது டோ, ரே, மீ என்று சுரங்களை எழுத்தில் எழுதும் முறை, கற்றார். ரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்து காட்பாடிக்கு வந்து, 1968இல் எங்கள் சபையின் கொயரைக் கையில் எடுத்தார். இடையில் ஜோலார்பேட்டைக்கு மாற்றல் ஆகி நாலு வருடம் சனிக்கிழமைதோறும் ரயிலில் வந்து பிராக்டிஸ் நடத்திவிட்டு ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்பினார். அந்த நாலு வருடத்து ஸ்கோர்களைத் தனியே அடையாளம் காணலாம்: கடைசிப் பக்கத்தில் பாட்டின் நீளம் நிமிடக் கணக்கில், அதற்குக் கீழே வண்டி நேரம். எந்தப் பாட்டை எத்தனை தடவை பாடினால் வண்டியைப் பிடிக்கலாம் என்ற கணக்கு அது. 2009இல் கண் பார்வை மங்கி நிறுத்திக்கொண்டார்.

அவர் கைக்கு வந்த கொயர் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் இந்த மாவட்டத்துக்கு எளிய ஞானப்பாட்டு மரபைக் கொடுத்தது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் மரபும் உடன் வந்து சேர்ந்தது. புனித வெள்ளிக்கு ஆங்கில இசையமைப்பாளர் ஸ்டெயினர், கிறிஸ்துமஸுக்கு ஒன்பது வாசகங்களும் கேரல்களும் என்று அட்டவணை நிரம்பியது. அந்த ஒன்பது வாசக ஆராதனையே 1880இல் ட்ரூரோவில் பிறந்து, 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் வேரூன்றி, பிறகு உலகம் சுற்றியது. இத்தனையையும் பாட வேண்டியவர்கள் யார் என்றால் ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள், நர்சுகள். அதிலும் நர்சுகள்தான் பெரும்பாதி. மருத்துவமனை ஊர் இது. ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்; மேல்குரல் சோப்ரானோ) வரிசை டியூட்டி சார்ட்டைப் பொறுத்து வாராவாரம் மாறும். ஒரு கேரல் ஸ்கோரின் ஓரத்தில் மாஸ்டர் எழுதியிருக்கிறார்: “ஆல்ட்டோ 3 பேர்தான், மீதி நைட் டியூட்டி. டெனர் 2 பேர் மேலே.” அந்த இரண்டு பேரில் ஒருவனாக நான் ஆல்ட்டோ பாடியது நினைவிருக்கிறது.

சோல்ஃபா என்ற பாலம்

ஐந்து கோட்டு ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்கள் எங்களில் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். அதனால் மாஸ்டர் ஸ்கோரில் உள்ள நாலு பார்ட்டையும், அதாவது நாலு குரலுக்கான வரிகளையும், சோல்ஃபாவில் பெயர்த்து, ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுத்தார். டோ எங்கே என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும். எந்தச் சுருதியிலும் அதே எழுத்துகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வன் பரப்பிய முறை. இங்கிலாந்தில் அது வழக்கொழிந்த பிறகும் நம் பக்கம் நிலைத்தது. மிசோரத்தில் அதுதான் சபையின் எழுத்து. வேலூருக்குப் படிக்க வந்த மிசோ மாணவர்கள் மாஸ்டரின் சைக்ளோஸ்டைல் தாளைக் கையில் வாங்கியதும் அச்சுப் பிசகாமல் பாடியதை எங்கள் கொயர்க்காரர்கள் வாய் பிளந்து பார்த்ததாகப் பேஸ் அண்ணன் இன்றைக்கும் சொல்வார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, சுரம் முழுசும் தெரியும். மாஸ்டர் தமிழ்ச் சொற்களை அவர்களுக்காக ரோமன் எழுத்தில் கீழே எழுதிக் கொடுத்த தாள்கள் பன்னிரண்டு கிடைத்தன.

தமிழ்ப் பாமாலைகளில்தான் அவருடைய பென்சில் அதிகம் ஓடியிருக்கிறது. மேல்நாட்டு மெட்டில் தமிழை உட்கார வைப்பதில் ஒரு தீராத சிக்கல் உண்டு. மெட்டில் நீளமான சுரம் வரும் இடத்தில் தமிழில் குறில் வந்தால் பாடுகிறவர் அதை இழுத்து நெடிலாக்கிவிடுவார், பொருளே மாறும். ‘தூய, தூய, தூயா’ என்ற எல்லோரும் அறிந்த பாமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1861இல் டைக்ஸ் அமைத்த நைசியா மெட்டு. முதல் இரண்டு ‘தூய’வும் ஒரு எண்ணிக்கைச் சுரங்களில் ஓடும், மூன்றாவதில் சுரம் இரட்டிப்பாக நீளும். மொழிபெயர்த்தவர் அங்கே மட்டும் ‘தூயா’ என்று நெடிலில் முடித்திருக்கிறார். அதன் கீழே மாஸ்டர் இரட்டைக் கோடு போட்டு, “இவர் காது உள்ளவர்” என்று எழுதியிருக்கிறார். அடுத்த சொற்றொடரில் ஆங்கிலத்துக்கு ஐந்து அசை, தமிழுக்கு ‘சர்வவல்ல நாதா’ என்று ஆறு. முதல் நீண்ட சுரத்தை இரண்டாகப் பிளந்தால்தான் பொருந்தும். எங்கே பிளப்பது என்று நாலு பார்ட்டுக்கும் சின்னச் சாய்கோடு போட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த வரியில் ‘தேவரீர்க்கெந்நாளும்’ வருகிறது. தேவரீர்க்கு, எந்நாளும் என்ற இரண்டு சொல் புணர்ந்து நிற்கிறது. நடுவில் மூச்சு விட்டால் சொல் உடையும். விடாவிட்டால் மே மாத வெயிலில் பின் வரிசைச் சிறுவர்களுக்கு மூச்சு போதாது. முதலில் ஒரு மூச்சுக் குறி, பிறகு ரப்பரால் அழித்த தடம், பிறகு வேறு இடத்தில் குறி, அதையும் அடித்து, கடைசியில் “சோப்ரானோ முன்வரிசை இங்கே, பின்வரிசை அடுத்த சொல்லில்” என்று வரிசைக்கு ஒரு மூச்சாகப் பிரித்திருக்கிறார். எத்தனை வருடத்து யோசனை அந்த ஒரு வரிக்குள் கிடக்கிறது என்று அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடியபோது எங்களுக்கு அது தெரியவே இல்லை.

கீர்த்தனைகளுக்கு நாலு பார்ட் எழுதிப் பார்த்த நோட்டு ஒன்றும் உண்டு. சங்கராபரணம் என்றால் மேல்நாட்டு மேஜர் ஸ்கேல்தான், சுலபமாக அமைந்திருக்கிறது. மாயாமாளவகௌளையில் தடுமாறியிருக்கிறார். பஞ்சமத்தை அடியாக வைத்து ப, நி, ரி என்று அடுக்கினால், அந்த ராகத்தின் ரிஷபம் சுத்த ரிஷபமாகையால் பஞ்சமத்துக்கு மேல் நிறைவான ஐந்தாம் சுரம் கிடைக்காது. அரைப்படி குறைந்து கரகரக்கும். ரிஷபத்தை ஏற்றினால் ராகம் போய்விடும். மூன்று பக்கம் எழுதி மூன்றையும் குறுக்கே அடித்திருக்கிறார். நாலாவது பக்கத்தில் ஆண்கள் ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்து நிற்க, பெண்கள் கீர்த்தனையைத் தனிக் குரலாகப் பாடுகிறார்கள். அவ்வளவுதான். கிராமத்துச் சபையில் வளர்ந்த காது அங்கே வென்றது என்பது என் எண்ணம்.

இன்னொரு ஸ்கோர் ஸ்டெயினரின் ‘குரூசிஃபிக்ஷன்’, 1887இல் முதலில் பாடப்பட்டது. அதன் நடுவே ஆர்கன் இல்லாமல் குரல் மட்டும் பாடும் பகுதி ஒன்று உண்டு. துணை இல்லாமல் பாடினால் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடத்திலும், படிப்படியாக இறங்கும் வரியிலும், ‘மீ’ என்ற மூன்றாம் சுரத்திலும்தான் முதலில் நழுவும். அந்த இடங்களிலெல்லாம் மேல்நோக்கி அம்புக்குறி. பக்கத்தின் அடியில் ஒவ்வொரு புனித வெள்ளிக்கும் ஒரு சின்னக் குறிப்பு: ‘1 கீழே’, ‘1 கீழே’, ‘½ கீழே’, மறுபடி ‘1’. ஆராதனை முடிந்ததும் காதருகே டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிப் பார்ப்பாராம், மாஸ்டரம்மா சொன்னார். பல வருடம் கழித்து ஒரு ‘சரி’ இருக்கிறது. அதற்கு அடுத்த வருடம் மறுபடி ‘½’.

வெறும் பக்கங்கள்

இப்போது ‘மேசியா’வுக்கு வருகிறேன். 1741இல் ஹேண்டல் மூன்றரை வாரத்துக்குள் எழுதி, 1742 ஏப்ரல் 13இல் டப்ளினில் முதலில் பாடப்பட்டது. அதன் கோரஸ்களில் சிலவற்றை நாங்கள் வருடம் தவறாமல் பாடுவோம். இருப்பதிலேயே நிறையக் குறிப்பு அதில்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பெரிய நடத்துநர்களின் ஸ்கோர்களைப் பற்றி அப்படித்தான் படித்திருக்கிறேன். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆவணக்காப்பகத்தில் இருக்கும் பெர்ன்ஸ்டைனின் ஸ்கோர்களில், வாத்தியக்காரர்களின் தாளில் ஏற்ற வேண்டியவை சிவப்புப் பென்சிலிலும், தனக்கானவை நீலத்திலும் இருக்கும். நமக்கும் ஒரு நீலமும் சிவப்பும் கிடைக்கும் என்று நினைத்தேன்.

கிடைக்கவில்லை. யோசித்தால் காரணம் எளிது. மாஸ்டருக்கு அது மனப்பாடம். தெரியாத படைப்புக்குத்தான் தன் ஸ்கோரில் குறித்துக்கொள்வார். தெரிந்ததை வாயால் சொல்லுவார், நாங்கள் எங்கள் காப்பியில் எழுதிக்கொள்வோம். பிராக்டிஸ் தொடங்கும்போது அவர் கேட்கும் முதல் கேள்வியே “பென்சில் இருக்கா?” என்பதுதான். பேனாவால் எழுதியவர்களை எழுந்து நிற்க வைப்பார். அப்படியானால் அவருடைய ‘மேசியா’ அவர் கைப் புத்தகத்தில் இல்லை. பேப்பர்காரரிடம் போன அந்த இரண்டு சாக்கில், நாற்பது பேருடைய கையெழுத்தில் இருந்தது.

மறுநாள் காலை கடை திறக்குமுன் போய் நின்றேன். லோடு போய்ப் பதினைந்து நாள் ஆகிவிட்டது என்றார் கடைக்காரர். முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டுப் பின்னால் இருந்த குவியலையும் கிளறிக் காட்டினார். ஒன்றும் இல்லை.

மாஸ்டரம்மாவிடம் சொல்லப் போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நான்தானே போடச் சொன்னேன் தம்பி” என்றார். ஆனால் போடச் சொன்னது என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

நல்ல வேளையாக, நல்ல நிலையில் உள்ளது என்று எடுத்து வைத்த அந்த ஒற்றைக் காப்பிகள் இருந்தன. ஒரு சோப்ரானோ அக்காவின் ‘மேசியா’வில், வேகமாக ஓடும் பதினாறாம் பகுதிச் சுரங்களின் மேலே “ஹ ஹ ஹ வேண்டாம், எண்ணெய் ஊத்தற மாதிரி” என்று இருந்தது. அது மாஸ்டர் சொன்ன சொல். அவர் குரலே கேட்டது. வேறொரு இடத்தில் சொற்களுக்குப் பதிலாக ‘1 அண்டு 2 அண்டு’ என்று எண்கள். அமெரிக்கக் கொயர் நடத்துநர் ராபர்ட் ஷா எண்களைப் பாட வைத்தே லயம் பயிற்றுவித்தார் என்பது தெரிந்த செய்தி. மாஸ்டர் அதை எங்கே பிடித்தார் என்பதற்கு அவருடைய ஸ்கோரில் தடயமில்லை. பாடகியின் காப்பி இல்லாவிட்டால், அப்படி ஒரு பயிற்சி எங்கள் சபையில் நடந்தது என்பதற்கே சாட்சி இருந்திருக்காது.

காகித வேலை

பூஞ்சை பிடித்தவற்றை வெயிலில் போடவில்லை. வெயில் காகிதத்தை முறுக்கிவிடும். மின்விசிறிக் காற்றில், அச்சிடாத நியூஸ்பிரிண்ட் தாளை இடையிட்டு உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்மையான பிரஷால் தட்டினோம். துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்குவதுதான் பொறுமையைச் சோதித்தது. பழைய செல்லோடேப் ஒட்டிய இடங்கள் தேன் நிறத்தில் கறுத்து எழுத்தையே விழுங்கியிருந்தன. அவற்றை நாங்கள் தொடவில்லை. ராமபாணப் பூச்சி தின்ற ஓரங்களையும் வெட்டவில்லை, ஏனென்றால் குறிப்புகள் ஓரத்தில்தான் இருக்கின்றன. சாதாரணப் பென்சில் எழுத்து தண்ணீரில் நனைந்தும் அழியாமல் நின்றது. காப்பியிங் பென்சிலால் எழுதியவை மட்டும் ஊதாவாகக் கரைந்து ஓடிவிட்டன. பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த ஜெராக்ஸ் தாள்களின் எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

முதல் சுற்று ஸ்கேனிங்கை வெளியே கொடுத்தோம். கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டார்கள். அச்சு பளிச்சென்று வந்தது, பென்சில் முழுக்கக் காணாமல் போனது. இப்படிப்பட்ட தொகுப்பை ஸ்கேன் செய்கிறவர்கள் கலரில், 400 டிபிஐக்குக் குறையாமல் எடுக்கச் சொல்லுங்கள். அழித்த தடம்கூடத் தெரியும். இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். நம் நாட்டில் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த பிறகு 60 வருடம். 1901இல் மறைந்த ஸ்டெயினருக்குத் தடை இல்லை. ‘கேரல்ஸ் ஃபார் கொயர்ஸ்’ தொகுதிகளில் டேவிட் வில்காக்ஸ் அமைத்தவற்றை ஏற்ற முடியாது. அவர் 2015இல்தான் மறைந்தார். மாஸ்டர் கைப்பட எழுதியவற்றின் உரிமை அவர் குடும்பத்துக்கு. மாஸ்டரம்மாவிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு தாளையும் பார்க்க வேண்டும் என்றார். ஆறு ஞாயிற்றுக்கிழமை பார்த்தார்.

அட்டவணையில் ஒரு விதி மாற்றினோம். படைப்புக்கு ஒரு பதிவு என்று இல்லாமல் காப்பிக்கு ஒரு பதிவு. யார் கையில் இருந்தது, எந்தப் பார்ட், எந்த வருடங்கள் என்று. டூப்ளிகேட் என்ற சொல்லே எங்கள் பதிவேட்டில் இல்லை.

பிறகு பழைய பாடகர்களைத் தேடினோம். கொயரை விட்டுப் போகும்போது காப்பியைத் திருப்பிக் கொடுக்காதவர்கள்மேல் மாஸ்டருக்கு எப்போதும் வருத்தம் உண்டு. அவர்கள் திருப்பிக் கொடுக்காததால்தான் இன்றைக்கு ஏதோ மிஞ்சியிருக்கிறது. கோட்டயம், திருநெல்வேலி, அய்சால், மஸ்கட் என்று போன நர்சுகளுக்கு ஒருவர் மூலம் ஒருவராகச் செய்தி அனுப்பியதில் இதுவரை பதினொரு ‘மேசியா’ காப்பிகள் வந்திருக்கின்றன: சோப்ரானோ நாலு, ஆல்ட்டோ ஐந்து, பேஸ் இரண்டு. டெனர் ஒன்றுகூட வரவில்லை. என்னுடையது அந்தச் சாக்கில்தான் போனது.

மார்ச்சில் அய்சாலிலிருந்து ஒரு பார்சல் வந்தது. 94 பார் (தாளக் கட்டம்) கொண்ட அல்லேலூயா கோரஸில் கடைசி ‘அல்லேலூயா’வுக்கு முன்னால் எல்லோரும் சட்டென்று நிற்கும் மௌனம் ஒன்று உண்டு. அங்கே யாராவது முந்திக்கொண்டு பாடிவிடுவார்கள் என்பது ஒவ்வொரு வருடமும் எங்கள் பயம். அந்த இடத்தில் அச்சிட்ட ஓய்வுக் குறியைச் சுற்றி வட்டம், பக்கத்தில் மூக்குக்கண்ணாடிப் படம், அதன் கீழே, தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஒரு மிசோ பெண்ணின் குண்டுக் குண்டான எழுத்தில், “மாஸ்டர் கை இறங்காது. கண் பார்.” பதிவேட்டில் ஆல்ட்டோ 5 என்று ஏற்றியிருக்கிறோம். நிலை: நன்று. எழுத்து: பென்சில்.